மூன்றில் ஒரு பங்கு: ஹெட்போனுக்குள் காணாமல் போன குரலைத் தேடியது

சித்திரை வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெருப் பையன் ஒரு ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். காட்பாடிப் பக்கம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. ஒரு மேசை, சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், நாலு டப்பா உதிரிபாகம், அவ்வளவுதான். அப்பா லாங் பஜார் பக்கம் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவர். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. தெருவில் எது பாடாமல் நின்றாலும் இங்கே வந்துவிடும்.

"இன்னாண்ணா இது, மியூசிக்கு மட்டும் சுத்தி வருது, பாட்றவரு குரலே காணோம்" என்றான்.

மாட்டிக் கேட்டேன். அவன் சொன்னது அப்படியே உண்மை. வயலின்கள் தலைக்கு வெளியே எங்கோ பரந்து கிடந்தன. கோரஸ் முதுகுப் பக்கம் கேட்டது. நடுவில் நிற்க வேண்டிய பாடகர் மட்டும் இல்லை. அவர் குரலின் எதிரொலி இருக்கிறது, குரல் இல்லை. தபேலாவும் பேஸ் கிட்டாரும் அவரோடு சேர்ந்து போய்விட்டன.

இந்த வேலையில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்குக் கேட்ட உடனே தெரிந்துவிடும், கிரவுண்ட் ஒயர் அறுந்திருக்கிறது என்று. 3.5 மில்லிமீட்டர் பின்னில் நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். நுனிக்கும் அடிக்கும் நடுவே மீட்டர் 32 ஓம் காட்டியிருக்க வேண்டும். முள் அசையவில்லை. நுனிக்கும் வளையத்துக்கும் நடுவே வைத்தால் 64 பக்கத்தில் போய் நின்றது. அதாவது இரண்டு காதின் டிரைவர்களும், ஒலி எழுப்பும் அந்தக் குட்டி ஸ்பீக்கர்கள், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் மாட்டியிருக்கின்றன. கரண்ட் கிரவுண்டுக்குப் போக வழி இல்லாமல் இடதுக்கும் வலதுக்கும் நடுவிலேயே ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் வருகிற எதுவும் ஒன்றை ஒன்று தள்ளிப் பூஜ்யமாகிவிடும். பாடகரை ரெக்கார்டிங்கில் நடுவில் நிறுத்துவது, அவர் குரலை இரண்டு பக்கமும் சமமாகக் கொடுத்துத்தான். அதனால் முதலில் மறைவது அவர்தான். மிஞ்சுவது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்.

பின்னை வெட்டி ஒயரின் உறையைச் சீவினேன். உள்ளே சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில் மூன்று கொத்து, தலைமுடி போன்ற இழைகள். செம்பு நிறக் கொத்துதான் கிரவுண்ட், அதுதான் பின்னுக்குக் கொஞ்சம் மேலே மடிந்து மடிந்து இற்றுப்போயிருந்தது. இந்த இழைகள் எல்லாம் எனாமல் பூசியவை. செம்பு நிறக் கொத்து பார்வைக்கு வெறும் செம்பாகத் தெரியும், ஈயம் மட்டும் ஒட்டாது. கத்தியால் சுரண்டினால் இழை அறுந்துபோகும். அயர்ன் நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி நிறுத்தி, இழையை அதற்குள் நாலைந்து நொடி முக்கிப் பிடிக்க வேண்டும். எனாமல் பொசுங்கி ஒரு கசந்த புகை வரும், அடுத்த நொடியில் ஈயம் வெள்ளியாக இழை மேல் ஏறும். ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யுங்கள். புதுப் பின் போட்டு முடித்ததும் பாடகர் நடுவுக்குத் திரும்பிவிட்டார்.

பையன் கேட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். கிளம்பும்போது, "அண்ணா, என் போன்ல சரவுண்டுன்னு ஒரு பட்டன் இருக்குது. அதைப் போட்டாலும் லேசா இதே மாதிரிதான் கேக்குது" என்றான்.

அந்த ஒரு பேச்சு என்னை மூன்று வாரம் மேசையிலேயே உட்காரவைத்தது.

அந்த பட்டன் என்ன செய்கிறது என்று பார்ப்பது கஷ்டமில்லை. இடது பக்கம் மட்டும் 200 ஹெர்ட்ஸ் ஒலி, வலது பக்கம் முழு மௌனம் என்று ஒரு ஃபைல் தயாரித்தேன். போனில் அதை ஓடவிட்டு, வெளியே வருவதை லேப்டாப்பின் லைன் இன்னில் வாங்கி ஆடாசிட்டி என்கிற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்தேன். பட்டன் போடாதபோது வலது பக்கம் நேர்கோடு. பட்டனைப் போட்டதும் வலது பக்கத்திலும் அலை எழுந்தது. உயரம் இடதில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெரிதாக்கிப் பார்த்தால் இடது அலை மேலே ஏறும் இடத்தில் வலது அலை கீழே இறங்குகிறது. தலைகீழ்.

காகிதத்தில் போட்டுப் பார்த்தால் கணக்கு விளங்கும். பாட்டை இரண்டாகப் பிரிக்கலாம்: இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது ஒன்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்னொன்று. பொதுவை அப்படியே விட்டு வித்தியாசத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால், இடது காதுக்குப் போவது ஒன்றரை இடது கழித்தல் அரை வலது. ஒன்றரைக்கு அரை என்பது மூன்றுக்கு ஒன்று. டெசிபலில் சொன்னால் 9.5 குறைவு. லேப்டாப்பில் நான் பார்த்தது இதுதான். பையனின் அறுந்த ஒயர் இதன் கடைசி எல்லை. பட்டன் பொதுவை வித்தியாசத்துக்கு முன்னால் பாதியாகச் சிறுக்கவைக்கிறது, அறுந்த ஒயர் அதை மொத்தமாக எடுத்துவிடுகிறது. அகலம் எங்கிருந்தோ புதிதாக வந்து சேருவதில்லை. நடுவில் நிற்பவரிடமிருந்து எடுத்து ஓரத்துக்குக் கொடுப்பதுதான் அந்த அகலம்.

எல்லா பட்டனும் இப்படி இல்லை. அதே போனில் ஹால் என்று இன்னொன்று இருந்தது. அது பல மில்லி செகண்ட் தாமதத்தில் சின்னச் சின்ன எதிரொலிகளைச் சேர்க்கிறது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நாதஸ்வரம் வாசிக்கும்போது ஒரு தூண் ஓரமாக நின்று கேட்டுப் பாருங்கள். ஒலி எங்கிருந்து வருகிறது என்பதோடு, எவ்வளவு பெரிய இடத்தில் இருக்கிறோம் என்பதையும் கல் திருப்பிச் சொல்லும். தூரம் என்கிற உணர்வு பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது. அதனால் ஹால் பட்டன் செய்வதில் நியாயம் உண்டு. ஆனால் ஸ்டுடியோவில் ஏற்கெனவே எதிரொலி சேர்த்துப் பதிந்த பாட்டின் மேல் இன்னொரு எதிரொலி ஏறினால் சொற்கள் குழைந்துவிடுகின்றன. எனக்கு அது பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை.

சரி, இந்த பட்டன்கள் எல்லாம் எதைச் சரிசெய்ய வந்தன? கடையில் அப்பா இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளைச் சுவர் ஓரமாக வைத்திருந்தார். வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சிலிருந்து பார்த்தால் ஒன்று இடக்கைப் பக்கம், ஒன்று வலக்கைப் பக்கம். அந்த பெஞ்சில் உட்கார்ந்தால் இடது பெட்டியின் ஒலி இடது காதுக்கு மட்டும் போய் நிற்பதில்லை, தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்கும் வருகிறது. கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மங்கலாக வருகிறது. பெட்டி நேர் எதிரிலிருந்து 30 பாகை விலகியிருந்தால் அந்தத் தாமதம் சுமார் 0.26 மில்லி செகண்ட். நேர் பக்கவாட்டில் இருந்தால் 0.65 வரை போகும். மங்கலுக்குக் காரணம் தலைதான். 200 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1.7 மீட்டர், அது தலையை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் வளைந்து வந்துவிடும். 5000 ஹெர்ட்ஸ் அலை 7 சென்டிமீட்டர்தான், அதைத் தலை மறைத்துவிடுகிறது. பிறந்த நாளிலிருந்து நம் மூளை திசையைக் கண்டுபிடிப்பது இந்தச் சின்னத் தாமதத்தையும் மங்கலையும் வைத்துத்தான்.

ஹெட்போனில் இந்தக் குறுக்கு வழியே கிடையாது. இடது பக்கம் மட்டும் வைத்த வயலின் இடது காதுக்கு மட்டும்தான். வெளி உலகில் அப்படிக் கேட்பது காதருகில் வந்து யாராவது குசுகுசுவென்று பேசும்போதும், கொசு பாடும்போதும்தான். ஸ்டீரியோ வந்த புதிதில் கருவிகளை ஒரேயடியாக ஓரத்தில் தள்ளிப் பதிந்த பாட்டுகளை ஹெட்போனில் கேட்டால் அரை மணியில் தலை கனப்பது இதனால்தான். அந்தப் பாட்டுகளை ஸ்பீக்கருக்காகக் கலந்தார்கள்.

இதைச் சரிசெய்யும் யோசனை பழையது. 1961இல் பெஞ்சமின் பாவர் (Bauer) என்கிற அமெரிக்க ஒலிப் பொறியாளர், ஸ்பீக்கருக்குச் செய்த ஸ்டீரியோவை ஹெட்போனுக்கு மாற்றும் சுற்று ஒன்றை எழுதி வெளியிட்டார். 1971இல் ஸீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் இன்னும் எளிதாகச் செய்யக்கூடிய ஒன்றைக் கொடுத்தார். ஸ்பீக்கர் பெட்டி செய்பவர்கள் மேல் ஒலியையும் கீழ் ஒலியையும் தனித்தனி ஸ்பீக்கருக்குப் பிரிக்கும் சுற்றை லிங்க்விட்ஸ்-ரைலி கிராஸ்ஓவர் என்று தினமும் உச்சரிக்கிறார்களே, அதே லிங்க்விட்ஸ்தான். இடதில் கொஞ்சத்தை எடுத்து, கூர்மையைக் கழித்து, சிறிது தாமதித்து வலதில் விடுவது, வலதிலிருந்து இடதுக்கும் அப்படியே. கிராஸ்ஃபீட் என்பது இவ்வளவுதான். கம்ப்யூட்டரில் இதைச் செய்யும் பிஎஸ்2பி என்கிற இலவச மென்பொருளில் மூன்று அளவுகள் தயாராக இருக்கின்றன. முதலாவது 700 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை 4.5 டெசிபல் குறைத்துக் கடத்துகிறது, மூன்றாவது 650 ஹெர்ட்ஸ், 9.5 டெசிபல். 4.5இல் கேட்டபோது பாட்டு நடுவில் குவிந்து, இரண்டு காதிலும் ஒரே ஒலி கேட்கும் மோனோ பக்கம் சாய்வதாக எனக்குப் பட்டது. 9.5 பிடித்தது.

9.5 என்றால் மூன்றில் ஒரு பங்கு. அந்த எண்ணைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். சரவுண்ட் பட்டனும் எதிர்க் காதுக்கு மூன்றில் ஒரு பங்கைத்தான் அனுப்புகிறது, கிராஸ்ஃபீட்டும் மூன்றில் ஒரு பங்கைத்தான் அனுப்புகிறது. ஒன்று கழித்து அனுப்புகிறது, மற்றது கூட்டி அனுப்புகிறது. அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை, பெட்டியாகச் செய்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

வேண்டியது அதிகமில்லை. ஒவ்வொரு பக்கமும் உள்ளே வரும் ஒயரிலிருந்து வெளியே போகும் ஒயருக்கு நேராக 1 கிலோ ஓம். குறுக்கே எதிர்ப் பக்கத்துக்கு 1.5 கிலோ ஓம் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. அந்த இரண்டும் சந்திக்கிற இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 0.22 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். நேர் வழியில் 1, குறுக்கு வழியில் 3, ஆக மூன்றில் ஒரு பங்கு. கெப்பாசிட்டர் 770 ஹெர்ட்ஸ் சுமாருக்கு மேல் உள்ளதைக் கிரவுண்டில் இறக்கிவிடும், அதுதான் தலையின் மறைப்பு. இந்தச் சுற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது, தாமதத்துக்குத் தனியாக எதுவும் போட வேண்டியதில்லை என்பது. கூர்மையை வடிகட்டும் கெப்பாசிட்டரே கீழ் ஒலிகளை 0.2 மில்லி செகண்டை ஒட்டிப் பிந்தவைக்கிறது. அப்பா கடை பெஞ்சில் கிடைத்த தாமதத்துக்கு அது மிகப் பக்கம்.

ரெசிஸ்டர் எல்லாம் இங்கேயே கிடைத்தது. பழுப்பு, கறுப்பு, சிவப்புப் பட்டை இருந்தால் 1 கிலோ ஓம், பழுப்பு, பச்சை, சிவப்பு இருந்தால் ஒன்றரை. ஒரு கைப்பிடி வாங்கி வந்து ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். பொன் பட்டை என்றால் ஐந்து சதவீதம் வரை கூடலாம், குறையலாம். இடதும் வலதும் ஒத்துப்போகவில்லை என்றால் பாடகர் ஒரு பக்கமாகச் சாய்வார், அதனால் ஜோடி ஜோடியாகப் பொறுக்கினேன். கெப்பாசிட்டர் நல்ல ஃபிலிம் வகையாக வேண்டும் என்று ஒரு நாள் காலை ரயிலேறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் வந்தேன். மேலே 224 என்று அச்சிட்டிருக்கும். 22க்குப் பின்னால் நாலு பூஜ்யம் போட்டால் பிக்கோ ஃபாரட் கணக்கு, அதாவது 0.22 மைக்ரோ. பத்தாக வாங்கினேன், அது நல்லதாகப் போயிற்று.

முதல் தவறு, பெட்டியின் வாயில் ஹெட்போனை நேராகச் சொருகியது. எறும்பு ஊர்கிற அளவுகூடச் சத்தம் இல்லை. யோசித்தால் காரணம் தெளிவு. ஆயிரம் ஓமுக்குப் பின்னால் 32 ஓம் நின்றால் வோல்டேஜில் மூன்று சதவீதம்தான் காதுக்குப் போய்ச் சேரும். இந்தச் சுற்று ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் இருக்க வேண்டியது. டப்பாவில் ஒரு டிடிஏ 2822எம் ஆம்ப்ளிஃபையர் போர்டு கிடந்தது, கேசட் வாக்மேன் காலத்து எட்டுக் கால் ஐசி. 50 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலோடு அதைப் பின்னால் மாட்டினேன், 9 வோல்ட் பேட்டரியில். மௌனத்தில் லேசான இரைச்சல் உண்டு. பாட்டு தொடங்கினால் அது தெரியாது.

இரண்டாவது தவறு கேட்ட பிறகுதான் புரிந்தது. குறுக்கே கடத்துவது சரியாக வேலை செய்தது, ஆனால் மொத்தப் பாட்டும் கம்பளி போர்த்தினாற்போல இருந்தது. ஜால்ரா செத்துப்போய்க் கேட்டது. கணக்கைத் திரும்பப் போட்டால், கீழ் ஒலிகளில் நேர் வழியும் குறுக்கு வழியும் சேர்ந்து முழு அளவு வருகிறது. மேல் ஒலிகளில் குறுக்கு வழி அடைந்துபோவதோடு, நேராக வருவதும் அந்தக் கெப்பாசிட்டர் வழியே கொஞ்சம் வடிந்துவிடுகிறது. இழப்பு 4.4 டெசிபல். மருந்து, நேர் வழியில் உள்ள 1 கிலோ ஓமின் முதுகில் இன்னொரு 224. மேல் ஒலிகள் ரெசிஸ்டரைத் தாண்டி அதன் வழியே நேராகப் போய்விடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கூடுதலாக வாங்கிய கெப்பாசிட்டர்கள் இங்கே உதவின. போட்டதும் ஜால்ரா உயிரோடு திரும்பியது. நடுவில், 700 ஹெர்ட்ஸ் பக்கம், இரண்டு டெசிபல் அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம் மிஞ்சுகிறது. தேடிப் பார்த்தால் தெரியும். நான் விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒரு ஆறு கால் டாகிள் ஸ்விட்ச். ஒரு பக்கம் தள்ளினால் சுற்று வழியாக, மறு பக்கம் தள்ளினால் நேராக. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சத்தம் ஒரு டெசிபல் கூடினாலே காது அதை நல்லது என்று சொல்லிவிடும், அகலமானது என்றும் சொல்லிவிடும். நான் பார்த்த போன்களில் பாதி, பட்டனைப் போடும்போது சத்தத்தையும் சேர்த்து ஏற்றுகின்றன. ஒரே சத்தத்தில், பாட்டை நிறுத்தாமல் மாற்றிக் கேட்டால்தான் ஒப்பீடு.

அப்புறம் கேட்கத் தொடங்கினேன். அப்பா சேர்த்துவைத்த எண்பதுகளின் சினிமாப் பாட்டுகள் முதலில். இடது ஓரத்தில் ஒட்டிக்கிடந்த கிட்டார் காதுமடலிலிருந்து உரிந்து ஒரு விரல்கடை முன்னே வந்தது. வலது ஓரத்து வயலின்களும் அப்படியே. பாடகருக்கு எதுவும் ஆகவில்லை, அங்கேயே நின்றார். மொத்த அகலம் குறைந்தது, அதை மறைக்க முடியாது. முதல் ஐந்து நிமிடம் யாருக்கும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். முக்கால் மணி கழித்து ஸ்விட்சைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் யாரோ காதைப் பிடித்து இழுப்பதுபோல இருக்கும்.

பாடகர் தலைக்கு வெளியே, எதிரில் வந்து நின்றார் என்று சொன்னால் அது பொய். முன்னா பின்னா என்பதைக் காதுமடலின் மடிப்புகள்தான் சொல்கின்றன, தலையைத் திருப்பும்போது ஒலி மாறுவதும் சொல்கிறது. ஆறு ரெசிஸ்டரும் நாலு கெப்பாசிட்டரும் அதைத் தர முடியாது. தலை திரும்புவதை உணர்ந்து ஒலியைத் திருப்பும் இன்றைய ஸ்பேஷியல் ஹெட்போன்கள் அந்த வழியில்தான் போகின்றன, அங்கே ஒரு வாக்குறுதி இருக்கிறது. மோனோவுக்கு கிராஸ்ஃபீட்டால் ஒரு பயனும் இல்லை. நம் காங்கேயநல்லூரில் பிறந்த வாரியார் சுவாமிகளின் சொற்பொழிவு கேசட்டுகள் வீட்டில் நிறைய உண்டு. இரண்டு பக்கமும் ஒரே குரல். ஸ்விட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் அவர் தலையின் நடுவிலேயேதான் இருந்து பேசுகிறார்.

இந்த நேரத்தில் என் சொந்த ஹெட்போனின் பேட் உரிந்து கறுப்புச் செதிலாகக் கன்னத்தில் ஒட்டத் தொடங்கியது. நம் ஊர் வெயிலும் வேர்வையும் ரெக்சினை இரண்டு கோடைக்கு மேல் விடாது. ஆம்பூர்ப் பக்கம் தோல் வேலை செய்யும் ஒரு நண்பர் மெல்லிய ஆட்டுத்தோலில் புதிதாகத் தைத்துக் கொடுத்தார், பஞ்சு கொஞ்சம் தடிமனாக வைத்து. டிரைவர் காதிலிருந்து முன்பைவிட ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தள்ளிப்போனது. நான் எதிர்பார்க்கவே இல்லை, அதுமட்டுமே ஒலியைக் காதின் வாசலிலிருந்து விலக்கிவைத்தது. எந்த பட்டனும் தராத நிம்மதி அது. ஆனால் தையல் ஓரத்தில் ஒரு மடிப்பு கன்னத்தோடு பொருந்தாமல் காற்று கசிந்தது, பேஸ் பாதி போய்விட்டது. நண்பர் மறுபடி பிரித்துத் தைத்தார். பேட் மாற்றுபவர்கள் முதலில் இந்தக் கசிவைத்தான் பார்க்க வேண்டும். விரலால் சுற்றிலும் அழுத்திக்கொண்டே கேளுங்கள், அழுத்தும்போது பேஸ் கூடினால் அந்த இடத்தில் ஓட்டை.

வைகாசியில் கலவை ஊர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் பாரதக் கூத்து. பெரியப்பா முப்பது வருடம் கூத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். இப்போது மூட்டு வலி, ராத்திரி முழுக்கத் திடலில் உட்கார முடியாது. அவருக்காகப் பதிந்துகொண்டு போகலாம் என்று தோன்றியது. கூத்துக்காரர்களிடம் கேட்டேன், தாராளமாகச் செய்யுங்கள் என்றார்கள். இரண்டு பட்டாணி அளவு எலெக்ட்ரெட் மைக்கை என் இரண்டு காதின் வாசலிலும் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு, சட்டைப்பையில் ஒரு சின்ன ஸ்டீரியோ ரெக்கார்டரோடு திடலில் உட்கார்ந்தேன். கோன் ஸ்பீக்கருக்கு எதிர் ஓரமாக, ஆட்டக்காரர்களின் சலங்கை நேராகக் காதில் விழுகிற தூரத்தில். அவர்களுக்குப் பின்னால் பெஞ்சில் பின்பாட்டுக்காரர்கள், எனக்கு இடப்பக்கம் ஆர்மோனியப் பெட்டி, வலப்பக்கம் மத்தளம், நடுவில் சின்ன நாதஸ்வரம் போன்ற முகவீணை. ஒரு மணி நேரம் கழுத்தைத் திருப்பாமல் இருந்தேன், அது லேசில்லை.

மறுநாள் வீட்டில் கேட்டேன். பழக்கத்தில் ஸ்விட்ச் கிராஸ்ஃபீட் பக்கம் இருந்தது. எல்லாம் குழம்பிக் குவிந்து கிடந்தது. ஸ்விட்சைத் திருப்பியதும் திடல் விரிந்தது. விரியத்தானே செய்யும்? இந்த ரெக்கார்டிங்கில் என் தலையே ஏற்கெனவே நடுவில் இருக்கிறது. மத்தளத்தின் ஒலி என் தலையைச் சுற்றி இடது காதுக்கு வந்த பிறகுதான் பதிவாகியிருக்கிறது. அதன் மேல் இன்னொரு தடவை கடத்தினால் ஒரு தலைக்கு இரண்டு தலையாகிவிடும். பதிவில் வேர்க்கடலை விற்பவர் வலது தோளுக்குப் பின்னால் கடந்துபோகும் இடத்தில், வெறும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் திரும்பிப் பார்த்தேன்.

சரவுண்ட் பட்டனையும் இதன் மேல் போட்டுப் பார்த்தேன், முழுமைக்காக. நடுவில் நின்ற முகவீணை மெலிந்து ஒரு நூலாகிப்போனது. மத்தளத்தின் தொப்பிப் பக்கம், கீழ் ஒலி தரும் பக்கம், காதில் தண்ணீர் புகுந்தாற்போல ஒரு அழுத்தமாக மட்டும் இருந்தது. கீழ் ஒலி இரண்டு காதிலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் விழுந்தால் அப்படித்தான் இருக்கும்.

பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார், பிறகு விரல் நீட்டினார். "பெட்டி இங்க உட்கார்ந்திருக்குது. மத்தளம் அந்தாண்ட." சரியாகச் சொன்னார். இன்னும் கொஞ்சம் கழித்து முகத்தைச் சுளித்தார். "ஏன்டா, கட்டியங்காரன் என் முதுகுக்குப் பின்னாடி நின்னு பேசறான்?"

கூத்தில் கதையை நடத்திச் சிரிக்கவைக்கிற கட்டியங்காரன் என் எதிரில்தான் நின்று பேசினார். எனக்கு எதிரில்தான் கேட்கிறது, பெரியப்பாவுக்குப் பின்னால் போய்விடுகிறது. இடமும் வலமும் யார் தலையானாலும் ஏறக்குறைய ஒன்றுதான், முன்னும் பின்னும் மட்டும் அவரவர் காதுமடலைப் பொறுத்தது. என் காதில் பதிந்ததை அவர் காது வேறு மாதிரி படிக்கிறது. அடுத்த வருடம் அவர் காதிலேயே மைக் ஒட்டி, நாற்காலி போட்டு, ஒரு மணி நேரமாவது திடலில் உட்காரவைக்க வேண்டும். சொன்னேன், சரி என்றிருக்கிறார்.

பெட்டியை அவரிடமே விட்டுவிட்டேன். எழுத்து சரியாகத் தெரியாது என்பதால் ஸ்விட்சின் சினிமாப் பாட்டுப் பக்கம் நெயில் பாலிஷில் ஒரு சிவப்புப் புள்ளி, கூத்துப் பக்கம் இரண்டு புள்ளி வைத்தேன். பழைய பாட்டு கேட்கும்போது ஒற்றைப் புள்ளியை அவரே தேடித் தள்ளுகிறார். "இதுல பாடறவரு நிம்மதியா நிக்கிறாரு" என்கிறார். பையன் இதைக் கேள்விப்பட்டு மீதி இருந்த ஆறு 224 கெப்பாசிட்டரையும் வாங்கிக்கொண்டு போனான். நேற்று வந்து, கம்பளி போர்த்தின மாதிரி கேட்கிறது என்றான். நேர் வழி ரெசிஸ்டரின் முதுகில் ஒன்று போடச் சொன்னேன்.

சாயங்காலம் பெரியப்பா போன் செய்தார். சத்தம் இறங்கிக்கொண்டே போகிறது, பெட்டி கெட்டுவிட்டதா என்றார். பேட்டரி தீர்ந்திருக்கும், சதுரமாக இருக்கும் 9 வோல்ட் பேட்டரி என்று கேளுங்கள், கலவையிலேயே கிடைக்கும் என்றேன்.